வில்லன் வாழ்க!

கதாநாயகனை வாழ்த்துவதற்கு நம் நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. படம் வெளியாகும் நாளில் கொட்டகை வாசலில் தோரணம் கட்டவும், ஆளுயரப் படத்துக்குப் பாலாபிஷேகம் செய்யவும், பட்டாசு கொளுத்தவும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். வில்லனுக்கோ ஒரு முழம் பூவும் கிடைப்பதில்லை. ஆகையால் இந்த வாரம் வில்லனை வாழ்த்தும் கைங்கரியத்தை நாமே ஏற்றுக்கொள்வதென்று தீர்மானித்தோம். நேயர்கள் திடுக்கிட வேண்டாம். துஷ்டத்தனத்துக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. சில வில்லன்கள் படம் முடிந்த மறுநாளே மறந்து போகிறார்கள். சிலர் ஐம்பது ஆண்டு கழிந்தும் நினைவில் நிற்கிறார்கள். இந்த வித்தியாசம் எதனால் என்று விசாரிப்பதே நமது நோக்கம்.

இந்த விசாரணையைத் தொடங்குவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் ஏது? இந்தப் பிரதேசத்தை ஆண்ட மல்லி என்னும் வேடர்குல அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு குமாரர்கள் இருந்தார்கள் என்றும், வேட்டையில் கண்டன் புலிக்கு இரையானான் என்றும், வில்லி காட்டைத் திருத்திப் பெருமாளுக்குக் கோயில் எடுத்து ஊரை உண்டாக்கினான் என்றும் ஸ்தல புராணம் கூறுகிறது. அந்தக் காலத்தில் வில்லி என்றால் வில் ஏந்திய வீரன். இந்தக் காலத்திலோ வில்லி என்றதும், தொலைக்காட்சித் தொடரில் மருமகள் குடிக்கும் பாலில் எதையோ கலக்கும் அம்மாள்தான் கண்முன் வந்து நிற்கிறாள்!

வில்லன் என்ற சொல்லுக்கும் நமது வில்லுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அது ஆங்கிலத்திலிருந்து வந்தது. அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கை தெரிகிறது; சற்று யோசித்தால் அது வேடிக்கையாகவும் தோன்றாது. லத்தீன் மொழியில் பண்ணை வீட்டுக்கு வில்லா என்று பெயர். அந்தப் பண்ணையில் உழைத்த ஏழைக் குடியானவனைக் குறிக்கவே இந்தச் சொல் முதன்முதலில் பிறந்தது. மாளிகையில் இருந்தவர்கள் அவனை நாகரிகமற்றவன் என்றார்கள். பிறகு அயோக்கியன் என்றார்கள். கடைசியில் அவன் பெயரே அயோக்கியத்தனத்துக்குப் பெயராகிவிட்டது. ஊர் ஒருவனை எப்படி வில்லன் ஆக்குகிறது என்ற கதை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

*

இப்போது திரையை ஆட்சி செய்கிறவர்கள் சூப்பர் ஹீரோக்கள் என்னும் அமாநுஷ்ய வீரர்கள். அமெரிக்காவில் 1938-இல் சூப்பர்மேனும், 1939-இல் பேட்மேனும் சித்திரக் கதைகளில் பிறந்தார்கள். இன்று ராஜபாளையத்துச் சிறுவனின் புத்தகப் பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் அவர்கள் சந்ததியார் குடியேறியிருக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் இந்தக் கதைகளை விளையாடும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறோம். கதாநாயகன் வேஷத்துக்கு எவ்வளவு போட்டியோ, வில்லன் வேஷத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு போட்டி நடக்கிறது. பெற்றோர்கள் இதைக் கண்டு கவலைப்படுகிறார்கள். பிள்ளை கெட்டவன் வேஷத்தை விரும்பினால் கெட்டுப் போவானோ என்று நம்மிடம் வந்து கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இந்தக் கவலை நம் நாட்டுக்குப் புதிதன்று.

தமிழ் நாடகத்தின் தந்தையென்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், நாடகாசிரியர் ஆவதற்கு முன் வில்லன் வேஷதாரியாகவே பேர் பெற்றவர். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேஷங்களில் அவர் மேடைக்கு வந்தால் சபை நடுங்குமாம். சனீசுவரன் வேஷம் போட்டிருந்த ஓர் இரவு, நாடகம் முடிந்து விடியற்காலையில் வேஷத்தோடு நீர்நிலைக்குச் சென்றபோது, கருவுற்ற ஒரு பெண் அவரைக் கண்டு அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாள் என்றும், அதன் பிறகு அவர் வேஷம் போடுவதையே விட்டுவிட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அந்தப் பெரியார், பிற்காலத்தில் எத்தனையோ நாடகங்களை எழுதிப் பாலர் சபைகளில் பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். வில்லனால் விளையக்கூடிய நன்மை தீமைகளை நேரில் கண்டவர் ஒருவரே நமது நாடகத்துக்கு ஆசிரியராக அமைந்தார் என்பது அற்ப விஷயமன்று.

ஆனால் கோரமான முகம் ஓர் இரவு நடுங்க வைக்கும். பல ஆண்டுகள் நினைவில் நிற்க அது மட்டும் போதாது. 1948-இல் ஜெமினி வாசன் தயாரித்து வெளியிட்ட ‘சந்திரலேகா’வை எடுத்துக்கொள்வோம். அதில் வில்லன் சசாங்கனாக வந்த ரஞ்சனுக்குக் கோரைப்பல் கிடையாது. முகத்தில் வடு கிடையாது. நல்ல அழகர், வாட்போரும் குதிரையேற்றமும் அறிந்தவர். எம். கே. ராதா நடித்த வீரசிம்மனுக்கு அவன் உடன்பிறந்த தம்பி. அண்ணனிடம் உள்ள திறமையெல்லாம் தம்பியிடமும் இருக்கிறது. பட்டம் தனக்கில்லையே என்ற ஒரே பொறாமை அவ்வளவு திறமையையும் விஷமாக்கிவிடுகிறது. கடைசியில் நடக்கும் நீண்ட வாட்போரில் யார் வெல்வார் என்று சபையோருக்கு உண்மையிலேயே கவலை பிறக்கிறது. வில்லன் கதாநாயகனுக்குச் சரிசமானமாக இருந்தாலன்றி அந்தக் கவலை பிறக்காது.

அடுத்து 1950-இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’. குண்டலகேசியின் கதையைத் தழுவியது. கதாநாயகனாக எம். ஜி. ஆர். இருந்தும், படம் பார்த்தவர்கள் நெஞ்சில் தைத்து நின்றவன் எஸ். ஏ. நடராஜன் நடித்த பார்த்திபன்தான். ராஜகுருவின் மகன், இரவில் கொள்ளைத் தலைவன், வாய் நிறையத் தேன். தன்னை நம்பி மணந்த மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிவிடப் பார்க்கிறான். அவளோ, சாகுமுன் கணவனை வலம் வர வேண்டுமென்று அனுமதி பெற்று, அவனையே தள்ளிவிடுகிறாள். இங்கே துஷ்டன் கோட்டைக்கு வெளியே இல்லை. கைபிடித்த கணவனாகவே இருக்கிறான். அதனால்தான் அந்தக் காட்சி பெண்களின் நெஞ்சை அவ்வளவு ஆழமாகத் தொட்டது.

அதே படத்தில் ராஜகுருவாக வந்தவர் எம். என். நம்பியார். 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் அவர் கையில் பிடித்த சவுக்கை யார் மறக்க முடியும்? அந்தக் கஜேந்திரன் எந்த ராஜ்யத்தையும் கவிழ்க்கவில்லை. மைத்துனன் சொத்தை ஆள்வதற்காக அவனை அடித்து அடித்துக் கோழையாக வைத்திருக்கும் ஒரு குடும்பத் தலைவன், அவ்வளவே. நமது தெருவிலேயே அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று சபையோருக்குத் தோன்றிற்று. நம்பியாரோ சொந்த வாழ்க்கையில் மது, மாமிசம் தொடாதவர். பல்லாண்டுகள் இருமுடி சுமந்து சபரிமலைக்குச் சென்று, மகா குருசாமி என்று வணங்கப்பட்டவர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைச் சாலையில் சரணம் கூறிச் செல்லும் பக்தர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

*

இனி அமாநுஷ்ய வீரர்களின் படங்களுக்கு வருவோம். இவ்வகைப் படங்களில் வில்லனைப் படைப்பது வெகு கஷ்டமான காரியம். கதாநாயகன் பறக்கிறான்; மலையைத் தூக்குகிறான்; அவனை எதிர்ப்பவன் அதைவிடப் பெரிய மலையைத் தூக்க வேண்டுமென்று பட முதலாளிகள் நினைத்து விடுகிறார்கள். வான வெளியிலிருந்து வரும் அசுரர்கள் நகரங்களை நொறுக்குகிறார்கள். எத்தனை கட்டிடம் இடிந்தாலும் நமது மனத்தில் ஒரு செங்கலும் அசைவதில்லை. மேல்நாட்டுப் படங்களிலும் நிலைத்து நிற்பவர்கள் வேறு ரகத்தினர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ படம், ஹிட்லரின் ஆட்கள் நடத்திய வதை முகாமில் ஒரு யூதச் சிறுவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் காட்சியோடு தொடங்குகிறது. அந்தச் சிறுவனே வளர்ந்து மாக்னெட்டோ என்னும் வில்லனாகிறான். அவன் செய்வதை நாம் ஒப்ப முடியாது. அவன் அஞ்சுவது எதற்கென்று கேட்டால் மறுக்கவும் முடியாது.

தமிழில் 2018-இல் ஷங்கர் எடுத்த ‘2.0’ படத்தில் பட்சிராஜன் என்று ஒரு வில்லன் வருகிறார். ஹிந்தி நடிகர் அக்ஷய் குமார் நடித்த பாத்திரம். பறவைகளையே உயிராக நேசித்த ஒரு முதியவர், கைப்பேசிக் கோபுரங்களால் அவை மடிகின்றன என்று நம்பி, முறையிட்டு, பரிகாசத்துக்கு ஆளாகி, ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டு மாள்கிறார். பிறகு கைப்பேசிகளாலான ராட்சதப் பறவையாகத் திரும்பி வருகிறார். கோபுரங்களால் பறவைகள் மடிகின்றன என்பதை விஞ்ஞானம் உறுதி செய்யவில்லை. அது போகட்டும். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயம் அமைந்து, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்ட மலையடிவாரத்தில் வசிக்கும் நமக்கு, அந்தக் கிழவர்பால் இரக்கம் பிறக்காமல் இருக்குமா? ஆனால் அந்த இரக்கம் நம் நெஞ்சில் ஊறுமுன்பே படம் அவரைப் பூதமாக்கிவிடுகிறது. ஜீவனுள்ள ஒரு மனிதரை அரை மணி நேரம் காட்டிவிட்டு, மிச்சத்தை யந்திரங்களின் குஸ்தியாக முடித்துவிட்டார்கள். நல்ல வில்லன் கைக்கு வந்தும் நழுவிப் போனான்.

அந்த வில்லனை நழுவ விடாமல் பிடித்த படம் ஒன்று நமது மலைக்கு அப்பால் பிறந்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரின் மறுபுறம் கேரளம். அங்கே பாஸில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ என்னும் மலையாளப் படம், 2021 டிசம்பர் 24-ஆம் தேதி நெட்பிளிக்ஸ் வாயிலாக வெளிவந்தது. அதில் வில்லன் ஷிபுவாக நடித்தவர் நமது தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். ந. முத்துசாமி 1977-இல் தோற்றுவித்த கூத்துப்பட்டறையில் பயின்றவர். அன்று மலைக்கு அப்பாலிருந்து வந்த நம்பியார் நமக்கு வில்லனாக வாய்த்தார். இன்று அந்தக் கடனைத் தமிழ்நாடு வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம்!

கதை எளியது. குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமம். அங்கே ஜெய்சன் என்னும் தையற்கார வாலிபன். தேநீர்க் கடையில் வேலை செய்யும் ஷிபு இன்னொருவன். ஊரார் அவனை ஒரு மனிதனாகவே மதிப்பதில்லை. கிறிஸ்துமஸ் காலத்து ஓர் இரவில் இருவர் மேலும் மின்னல் பாய்கிறது. இருவருக்கும் ஒரே சக்தி பிறக்கிறது. மின்னலுக்கு நல்லவன், கெட்டவன் என்ற பேதம் தெரியாது.

சக்தி வந்ததும் கதாநாயகன் என்ன செய்கிறான்? தன்னை அவமதித்தவர்களுக்குப் பாடம் புகட்டத்தான் முதலில் கிளம்புகிறான். வில்லன் என்ன செய்கிறான்? நெடுங்காலமாக மனத்தில் வைத்துப் பூசித்த உஷா என்பவள், நோயுற்ற பெண் குழந்தையோடு ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறாள். குழந்தையின் சிகிச்சைக்காக அவன் பாங்கியைக் கொள்ளையடிக்கிறான். ஆரம்பத்தில் இருவரையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று சொல்வது கஷ்டம். பிறகு ஷிபு கொலையும் செய்கிறான். அவன் யாரென்று வெளிப்பட்டதும் ஊரார் அவன் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். அந்த நெருப்பில் உஷா மாண்டு போகிறாள். அதன் பிறகு அவன் ஊரையே அழிக்கப் புறப்படுகிறான்.

வாழ்நாளெல்லாம் காத்திருந்தவனுக்கு ஒரு வார்த்தை அன்பு கிடைக்கும்போது அந்த முகத்தில் தோன்றும் நாணத்தையும், பிறகு சாம்பலின் முன் நிற்கும்போது அதே முகம் கல்லாவதையும் குரு சோமசுந்தரம் காட்டியிருக்கும் விதம் அபாரம். உறுமல் இல்லை, அட்டகாசச் சிரிப்பு இல்லை. சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் வாய் ஒரு கணம் தவிக்கிறது. அந்த ஒரு கணத்துக்கு எத்தனை கோடி ரூபாய் செலவழித்த தந்திரக் காட்சியும் ஈடாகாது.

ஜெய்சனுக்கும் ஷிபுவுக்கும் வித்தியாசந்தான் என்ன? ஜெய்சனுக்கு வளர்த்த தகப்பனார் இருக்கிறார். ‘மாமா, இந்தச் சக்தி இதற்காக அல்ல’ என்று தன் போக்கில் உணர்த்துவதற்குச் சகோதரியின் சிறு பிள்ளை ஒருவன் இருக்கிறான். ஷிபுவுக்கு அப்படிச் சொல்ல ஊரில் ஒரு நாதியும் இல்லை. இருந்த ஒருத்தியையும் ஊரே எரித்துவிட்டது.

*

வைஷ்ணவ புராணம் இதை வேறொரு விதமாகச் சொல்லியிருக்கிறது. பெருமாள் கோயிலில் சந்நிதி வாசலில் கதையை ஊன்றி நிற்கும் துவாரபாலகர்களை நேயர்கள் சேவித்திருப்பார்கள். அவர்களே ஜய விஜயர். சனகாதி முனிவர்களைத் தடுத்து நிறுத்தியதால் சாபம் பெற்று, மூன்று பிறவிகள் பகவானுக்குப் பகைவராகப் பிறந்தார்கள். இரணியாட்சனும் இரணியகசிபுவும் அவர்களே. இராவண கும்பகர்ணரும் அவர்களே. சிசுபால தந்தவக்கிரரும் அவர்களே. உலகத்துக் கதைகளிலெல்லாம் பெரிய வில்லன்கள் எங்கிருந்து வந்தார்களென்றால், ஸ்வாமியின் வாசற்படியிலிருந்தே வந்தார்கள்! கதாநாயகனுக்கு மிக அருகில் நின்றவனே மறக்க முடியாத பகைவனாகிறான். சசாங்கன் தம்பி, பார்த்திபன் கணவன், கஜேந்திரன் மைத்துனன், ஷிபு அதே மின்னலில் பிறந்த இரட்டைப் பிள்ளை. வான வெளியிலிருந்து வரும் அசுரனுக்கு இந்த உறவுப் பாத்தியதை கிடையாது. ஆகவே அவனை நாம் மறுநாள் மறந்து விடுகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இக்காலத்துப் படங்கள் சில, வில்லனுக்கு அழகான உடையும் நயமான பேச்சும் கொடுத்து, அவன் செய்த கொலைகளைக் கணக்கிலிருந்தே அழித்துவிடுகின்றன. வாலிபர்கள் அந்த நடையையும் முறைப்பையும் மட்டும் கற்றுக்கொள்கிறார்கள். இது நல்ல வில்லன் அல்ல, விளம்பரத் தட்டி. இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு. ஷிபுவுக்காகக் கண்ணீர் விடும்போதே, அவன் கையால் மாண்டவர்களும் மனிதர்கள்தான் என்பதைப் படம் மறக்க விடுவதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்து மந்திரி சபைக்குத் தலைமை வகித்த ராஜபாளையம் குமாரசாமி ராஜா, தம் இல்லத்தையே கலை வளர்ச்சிக்கென்று வழங்கினார். அதுவே காந்தி கலை மன்றம். காந்தியின் பெயரையும் கலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது பொருத்தமே. தீமையை வெறு, தீயவனை வெறுக்காதே என்று மகாத்மா வாழ்நாள் முழுவதும் போதித்தார். பிரசங்கத்தில் கேட்டால் அது கடினமான பாடம். நல்ல வில்லன் ஒருவன் திரையில் வந்தால், இரண்டரை மணி நேரத்தில் அது நெஞ்சில் இறங்கிவிடுகிறது.

முதலில் சொன்ன பண்ணைக் குடியானவனை இப்போது நினைவுபடுத்திக்கொள்வோம். பிறவியிலேயே ஒருவன் வில்லன் என்று சொல்வது கதையில் சோம்பேறித்தனம். அரசியலில் அது கொடுமை. அந்நிய அரசாங்கம் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. 1911-இல் அதைச் சென்னை மாகாணத்திலும் பரப்பியது. யாதொரு குற்றமும் செய்யாதவர்கள், இன்ன குலத்தில் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, கைரேகை பதித்துக் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. நமது மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் சட்டம் ஒழிந்தாலும் பழக்கம் ஒழிந்துவிட்டதா? வகுப்பில் ஒரு பேனா காணாமற் போனால், எல்லாக் கண்களும் ஒரே பையன்மேல் திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். அவன் எடுத்திருக்க மாட்டான். அநேகமாக அந்தப் பேனா பெஞ்சிக்கு அடியில் கிடக்கும். ஆனாலும் நாலு தடவை அப்படித் திரும்பிப் பார்த்தால், ஐந்தாவது தடவை அவன் ஊரார் கொடுத்த வேஷத்தையே ஏற்றுக்கொள்வான். குறுக்கன்மூலைக்கு நாம் மலையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

ஆகவே, கவலையோடு கேட்கும் பெற்றோர்களுக்கு நாம் கூறுவது இது. பிள்ளை வில்லன் வேஷம் போட்டால் அடித்துத் தடுக்க வேண்டாம். படம் பார்த்து வந்த அன்று இரவு, சாப்பாட்டு வேளையில், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவனுக்கு நேர்ந்த துன்பம் என்ன? அவன் திரும்பியிருக்கக்கூடிய இடம் எது? அந்த இடத்தில் அவனுக்குப் பக்கத்தில் யார் நின்றிருக்க வேண்டும்? மூன்றுக்கும் விடை சொல்லக்கூடிய வில்லனாக இருந்தால், பிள்ளை பார்த்தது நல்ல படம். ஒன்றுக்கும் விடை இல்லாவிட்டால், டிக்கட்டுக்குக் கொடுத்த பணம் தண்டம். பட முதலாளிகளுக்கும் இதே மூன்று கேள்விகளைச் சமர்ப்பிக்கிறோம். கதையை எழுதிய பிறகு கேட்டுக்கொள்வதைவிட, எழுதுமுன்பே கேட்டுக்கொண்டால் கட்டிடங்களை இடிக்கும் செலவும் மிச்சமாகும்.

வில்லன் வாழ்க! திரையிலே அவன் நீடூழி வாழ்க! நமது தெருக்களில் அவனை உற்பத்தி செய்யும் தொழிலை மட்டும் நாம் விட்டுவிடுவோமாக.